எழுத்து விலகிய இடம்

சொல்லுக்கும் உருவுக்கும் உள்ள உறவு சமயச் சிந்தனையின் மிகப் பழைய சிக்கல்களுள் ஒன்று. இறைவனைச் சொல்லால் சுட்ட இயலுமா, உருவால் காட்ட இயலுமா, இரண்டும் ஒரே பரப்பில் எதிர்ப்படும்போது எது எதற்கு இடம் விட வேண்டும் என்னும் வினாக்கள் ஆகம நூல்களிலும் அளவை நூல்களிலும், அதாவது அறிவைப் பெறும் வழிகளை ஆராயும் நூல்களிலும், வெவ்வேறு வடிவில் நெடுங்காலம் பேசப்பட்டு வந்தவை. இவற்றுள் கடைசி வினாவை இன்று கணினியில் பக்கம் வடிவமைப்பவர்கள் நாள்தோறும் ஒரு சொடுக்கில் தீர்த்துவிடுகிறார்கள். வடிவமைப்பாளர்கள் 'டெக்ஸ்ட் ராப்' என்று சொல்லும் வசதி, ஒரு படத்தையோ வடிவத்தையோ சுற்றி எழுத்து வரிகளை ஒதுங்கி ஓடச் செய்வது. தொழிலில் இது சிறிய வசதிதான். ஆயினும் கோயில் மலரிலும் துதி நூலிலும் அது கையாளப்படும்போது, சொல்லுக்கும் கடவுளுருவுக்கும் இடையே ஏதோ ஒரு முறைமையை அது வகுத்துவிடுகிறது; வகுத்தவர் அதை உணர்ந்து செய்தாரா என்பது வேறு.

அவ்வசதி இயங்கும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன்தரும். இன்டிசைன் மென்பொருளில் ஒரு படத்தைத் தேர்ந்து, அதன் சுற்றுச் சதுரத்தை ஒட்டி வரிகள் விலகவேண்டுமா, படத்தின் உண்மையான வெளிவிளிம்பை ஒட்டி வளைந்து செல்லவேண்டுமா, படத்தை முற்றிலும் தாண்டிக் கீழே தொடரவேண்டுமா என்று குறிக்கலாம். விளிம்புக்கும் எழுத்துக்கும் இடையே எவ்வளவு வெற்றிடம் என்பதை 'ஆஃப்செட்' என்னும் அளவு தீர்மானிக்கும். இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளில் அடுக்குமுறையும் கணக்கில் வரும்: தனக்கு மேலடுக்கில் இருக்கும் பொருளுக்கே எழுத்து வழிவிடும், கீழடுக்கில் இருப்பதன்மேல் ஏறி ஓடிவிடும். இன்டிசைனில் எழுத்துச் சட்டம் ஒன்றுக்கு 'ராப்பைப் பொருட்படுத்தாதே' என்று விலக்கும் அளிக்கலாம். இவை அனைத்திலும் கருத்தைக் கவர்வது இன்னொன்று. வண்ணமும் கோடும் நீக்கப்பட்ட ஒரு வடிவம், திரையிலும் அச்சிலும் கண்ணுக்கு அறவே தெரியாமற் போனபின்னும், தன்னைச் சுற்றி எழுத்துகளை விலக்கி நிறுத்தும் ஆற்றலை இழப்பதில்லை. வட்டம் வரையப்படாமலேயே வரிகளின் ஒதுக்கத்தால் வட்டம் தோன்றுகிறது. காணப்படாத ஒன்று காணப்படுவனவற்றின் ஒழுங்கை மாற்றுவதால் அறியப்படுகிறது என்னும் இந்நிலை, மெய்யியல் மாணவர் எவருக்கும் பழகிய இடத்துக்கே அவரைக் கொண்டுசெல்கிறது.

சொல்லும் கடவுளுருவும் ஒரே பக்கத்தில் எதிர்ப்படும் இக்கேள்வி எழுவதற்குக் கலிபோர்னியாவின் டப்ளின் நகரம் பொருத்தமான இடம். அயர்லாந்தின் தலைநகரப் பெயரைத் தாங்கி, 580, 680 எண் நெடுஞ்சாலைகள் சந்திக்கும் இடத்தில் அமைந்த அந்நகரம் 1982இல் தனி நகராட்சியானது. அதே ஆண்டின் இறுதியில் ஜான் வார்னாக், சார்லஸ் கெஷ்கி இருவரும் அடோபி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அந்நிறுவனத்தின் தலைமையகம் இன்று டப்ளினிலிருந்து ஏறத்தாழ 30 மைல் தொலைவிலுள்ள சான் ஹொசேயில் இருக்கிறது. மேசைப் பதிப்பு முறையைப் பரவலாக்கிய பேஜ்மேக்கரை 1985இல் வெளியிட்ட ஆல்டஸ் நிறுவனம் 1994இல் அடோபியுடன் இணைந்தது. அடோபியின் இன்டிசைன் 1999இல் வந்தது. டப்ளினுக்குக் கிழக்கே அடுத்த ஊரான லிவர்மோரில் சிவனையும் திருமாலையும் ஒரே வளாகத்தில் வழிபடும் சிவா விஷ்ணு ஆலயம் இருக்கிறது. வடக்கே அடுத்த ஊரான சான் ரமோனிலிருந்து தைப்பூசத்தை ஒட்டி முருகன் அடியார்கள் கான்கார்டு கோயிலுக்கு நடைப்பயணம் செல்கிறார்கள். மென்பொருளை ஆக்குவோரும் அதனைக் கொண்டு விழா அழைப்பும் துதித்தாளும் கொலுப் பதாகையும் செய்வோரும் ஒரே தெருவில் வாழும் வட்டாரம் இது. அங்கே வளரும் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் காதுக்குப் பழகிய மொழியாகவும் கண்ணுக்குப் பழகாத எழுத்தாகவும் இருப்பது இக்கேள்விக்குக் கூடுதல் கூர்மை தருகிறது.

எழுத்து ஒரு பொருளுக்காக ஒதுங்கும் வழக்கம் கணினி கண்டுபிடித்ததன்று. தமிழ் ஏட்டுச்சுவடியில் ஓலைகளைக் கோப்பதற்கு இடப்பட்ட துளைகள் உண்டு. ஒன்றில் கயிறு செல்லும், மற்றொன்றில் ஓலைகள் நழுவாதிருக்க நாராசம் என்னும் மெல்லிய கம்பியோ குச்சியோ செருகப்படும். கயிறு உராய உராயத் துளையைச் சுற்றிய ஓலை தேயும் என்பதால், எழுத்தாணி பிடித்தவர் அத்துளையின் நாற்புறமும் சிறிது இடம் விட்டே வரிகளைக் கீறினார். வரி துளைக்கு அருகில் வந்து நின்று, அப்பால் தொடரும். சொற்களுக்கிடையே இடைவெளியின்றி, பல வேளைகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியும் இன்றி எழுதப்பட்ட அவ்வோலையில், துளையருகே உள்ள அந்த வெற்றிடம் ஒன்றே எழுத்துக்கு நடுவே காணப்படும் இடைவெளியாக இருப்பதும் உண்டு. அதைச் சொல் பிரியும் இடமென்று கொண்டு படிப்பவர் இல்லை; பழகிய வாய் துளையைத் தாண்டி ஒரே ஓட்டமாக ஓதிவிடும்.

செப்பேட்டிலும் இந்நிலைதான். இதழ்களைக் கோக்கும் வளையம் செல்வதற்கான துளையைச் சுற்றி வரிகள் விலகுகின்றன. அவ்வளையத்தின் இரு முனைகளும் சேரும் இடத்தில் அரசனின் முத்திரை பொருத்தப்படும். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைச் சைவனான முதலாம் இராசராசன் அளித்ததைச் சொல்லும் பெரிய லெய்டன் செப்பேடு 21 இதழ்கள் கொண்டது. எழுத்து விலகி நின்ற துளை வழியே சென்ற வளையம்தான் அவ்விதழ்களை ஒன்றாக வைத்தது, அதன் முத்திரைதான் எழுத்துக்கு அதிகாரம் தந்தது. சொல்லப்பட்டது செல்லுபடியாவதற்கு, சொல் இல்லாத ஓர் இடம் வேண்டியிருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் இதன் மறுபக்கம் காணக்கிடைக்கிறது. தானும் தன் தமக்கையும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றை விமானத்துக் கல்லிலே வெட்டுமாறு இராசராசன் தன் 26ஆம் ஆட்சியாண்டின் 20ஆம் நாள் ஆணையிட்டதை அக்கல்வெட்டே சொல்கிறது. அங்கே துளையில்லை, கட்டடத்தின் அடித்தளம் முழுவதுமே எழுத்து சுற்றிச் செல்லும் பொருளாகிறது, மூலைகளில் வரி திரும்பித் தொடர்கிறது, படிப்பவர் கோயிலை வலம்வருபவராகிறார். தமிழ்க் கல்வெட்டுகளில் எகரக் கொம்பு ஒரு வரியின் ஈற்றிலும் அது சேரவேண்டிய மெய் அடுத்த வரியின் முதலிலும் வெட்டப்பட்டிருப்பதைப் பதிப்பாசிரியர்கள் அடிக்குறிப்பில் சுட்டுவதுண்டு. இன்றைய மென்பொருள் ஓர் எழுத்தை அவ்வாறு இரண்டாகப் பிளக்காது. இந்த ஒரு நுட்பத்தில் அது கல்தச்சரை விடக் கண்டிப்பானது.

இனி மெய்யியல் வினாவுக்கு வரலாம். வெற்றிடத்தைக் காண்பது எப்படி? தரையில் குடம் இல்லை என்று ஒருவர் அறிகிறார் எனில், அவர் கண்டது தரையை மட்டுமா, குடத்தின் இன்மையையுமா என்பது இந்திய அளவை நூலார் நீண்ட காலம் வாதிட்ட பொருள். இன்மையும் ஓர் உண்மைப் பொருளே, அது கண்ணாலேயே அறியப்படுகிறது என்றனர் நியாய வழியினர். இன்மையை அறிவதற்கு அனுபலப்தி, அதாவது காணப்படவேண்டியது காணப்படாமை, என்னும் தனி அளவை வேண்டும் என்றனர் குமாரில பட்டரைப் பின்பற்றிய மீமாம்சகரும் அத்வைதிகளும். இரு திறத்தாரும் ஒப்பும் செய்தி ஒன்று உண்டு: இன்மை எப்போதும் எதனுடையதோ ஒன்றின் இன்மையாகவே அறியப்படும். அவ்வாறு இல்லாமற்போன பொருளைப் பிரதியோகி என்பர். வெற்றுத்தாளில் எவரும் வெற்றிடத்தைக் காண்பதில்லை; வரிகள் ஒழுங்காக ஓடிவரும் பக்கத்தில் ஓரிடத்தில் எழுத்து இராதபோதே அங்கு வெற்றிடம் தோன்றுகிறது. எழுத்தே அங்குப் பிரதியோகி. ஆகவே கண்ணுக்குத் தெரியாத வட்டத்தைக் காட்டுவது வட்டமன்று, எழுத்துகளின் வரிசை. வரிசை குலைந்த பக்கத்தில் எத்தனை வட்டங்களை ஒளித்து வைத்தாலும் ஒன்றும் புலப்படாது.

சிதம்பரத்தில் நடராசர் சந்நிதிக்கு அருகே, திரைக்குப் பின்னே, ஆகாயத் தலத்தின் இரகசியமாகக் காட்டப்படுவது ஒரு வெறுஞ்சுவர். அதன்மேல் பொன் வில்வ மாலைகள் தொங்குகின்றன. மாலை யாருக்குச் சாத்தப்பட்டதோ அவர் அங்கே உருவாக இல்லை. சைவ சித்தாந்தம் இறைவன் கொள்ளும் நிலைகளை அருவம், உருவம், அருவுருவம் என மூன்றாக வகுக்கும். உறுப்பு வேறுபாடில்லாத இலிங்கம் அருவுருவத்துக்குச் சான்று. சிதம்பரத்துச் சுவர் அருவநிலைக்குரியது, ஆயினும் மாலை இல்லாவிடில் அது சுவர் மட்டுமே. பௌத்தத்திலும் ஒரு காலத்தில் இதற்கு ஒப்பான வழக்கு இருந்தது: சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலுள்ள அமராவதிச் சிற்பங்கள் சிலவற்றில், வணங்கும் கூட்டம் இருபுறமும் நெருங்கி நிற்க, நடுவிலிருக்கும் இருக்கை வெறுமையாக இருக்கிறது. அது புத்தரின் உருவைத் தவிர்த்ததன் அடையாளமா, வழிபடு தலமாகிய இருக்கையையே செதுக்கியதா என்பதில் கலை வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. எவ்வாறாயினும், காண்பவரின் கண்ணை நடுவே செலுத்துவது சூழ நிற்போரின் ஒழுங்குதான்.

இங்கே ஒரு தடை எழும். அது எளிதில் ஒதுக்கத் தக்கதன்று. எழுத்து விலகியிருப்பதால் அங்கே ஏதோ இருக்கிறது என்று கொள்வது அனுமானம். ஆனால் ஓலையில் துளைகள் இருவகை. கயிற்றுக்காக இட்ட துளையும் உண்டு, செல்லரித்த துளையும் உண்டு. இரண்டும் கண்ணுக்கு வெற்றிடமே. இறைவனின் மறைவு என்று பக்தர் சொல்லும் வெறுமை, உலகில் வெறுமனே உள்ள ஓட்டையாக ஏன் இருக்கக்கூடாது என்று உலகாயதர் கேட்டால், வெறுமையைச் சுட்டிக்காட்டுவது மட்டும் விடையாகாது. உலகத்தின் நடுவே உள்ள மௌனத்தை வியந்து எழுதும் இக்காலச் சமயக் கட்டுரைகள் பலவும் இந்த இடத்தில்தான் தளர்ந்துவிடுகின்றன. வெறுமை கிடைத்ததுமே கடவுள் கிடைத்துவிட்டதாக அவை முடித்துக்கொள்கின்றன.

ஓலையைக் கையாண்டவர்கள் இவ்வேறுபாட்டை அறிந்த வழி எளியது: படித்துப் பார்த்தார்கள். செல்லரித்த இடத்தில் எழுத்து அழிந்திருக்கும், யாப்பு முறியும், பொருள் தொடராது. கயிற்றுத் துளையில் ஓர் எழுத்தும் குறையாமல் பாட்டு அப்பால் தொடரும். வெற்றிடத்தின் தன்மையை வெற்றிடம் சொல்வதில்லை, அதைச் சூழ்ந்த உரை சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டினரான அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில், அபாவம் எனப்படும் இன்மை உட்படப் பிறர் கூறும் பல அளவைகளையும் எடுத்துரைத்து, அவையெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்று முடித்திருப்பது இங்கு நினைக்கத் தக்கது. காண்டல் நேரில் அறிதல். கருதல் அறிந்ததைக் கொண்டு அறியாததை உய்த்துணர்தல். உரை நம்பத் தக்க நூலின் வாய்மொழி. இடைவெளியைக் கண் காண்கிறது. ஏதோ காரணம் உண்டென்று கருதல் சொல்கிறது. அது சிதைவா, விட்ட இடமா என்பதை உரையின் தொடர்ச்சியே தீர்க்கிறது. உலகாயதர் இவ்வுரையையே ஏற்கமாட்டார் என்பது உண்மை; ஆயினும் சித்தாந்தி வெறுமையை மட்டும் நம்பி வாதிடவில்லை என்பதாவது இதனால் தெளிவாகும்.

எழுத்தும் உருவும் சந்திக்கும் இரண்டாவது வழி இதற்கு நேர்மாறானது. முதல் வழியில் எழுத்து பொருளுக்காக விலகுகிறது. இரண்டாவதில் எழுத்தே பொருளின் வடிவத்தை ஏற்கிறது. மென்பொருளிலும் இதற்குத் தனி வசதி உண்டு; ஒரு வடிவத்தின் கோட்டின்மேல் எழுத்தை ஓடவிடலாம், அல்லது வடிவத்தின் உட்புறத்தை எழுத்தால் நிரப்பலாம். தமிழ் இலக்கணத்தில் இது சித்திரகவி எனப்படும். தண்டியலங்காரம் தன் சொல்லணியியலில் கோமூத்திரி, மாலைமாற்று, நாகபந்தம், சக்கரம், சுழிகுளம், சருப்பதோபத்திரம் முதலிய வகைகளைத் தொகுத்துச் சொல்கிறது. பந்தம் என்றால் கட்டு. நாகபந்தத்தில் பின்னிக் கிடக்கும் இரண்டு பாம்புகளின் உடல் நெடுக இரண்டு வெண்பாக்கள் எழுதப்படும். பாம்புகள் ஒன்றையொன்று வெட்டும் சந்திகளில் இரு பாட்டுக்கும் ஒரே எழுத்து பொதுவாக நிற்கவேண்டும். எழுத்தைப் பாம்பாக வளைப்பதில் அருமை இல்லை. வெட்டுமிடத்து எழுத்து இரு பாட்டிலும் பொருள் தந்து நிற்பதே அருமை.

பக்தி இலக்கியத்தில் இவ்வகையின் உச்சம் எழுகூற்றிருக்கை. ஒன்று, இரண்டு, ஒன்று என்றும், பின் ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று என்றும், இவ்வாறே ஏழுவரை ஏறி இறங்கும் எண்ணுப் பெயர்கள் பொருளோடு பாட்டில் அமையவேண்டும். ஒரே மெய்ப்பொருள், அம்மையும் அப்பனும், மூன்று கண், நான்கு மறை, ஐம்பூதம் என்பனபோல ஒவ்வோர் எண்ணும் இறைவனின் ஒரு கூற்றைத் தாங்கும். ஞானசம்பந்தர் சீகாழியின்மீதும், நக்கீரதேவ நாயனார் பதினோராம் திருமுறையிலும், திருமங்கையாழ்வார் குடந்தை ஆராவமுதன்மீதும், அருணகிரிநாதர் சுவாமிமலை முருகன்மீதும் இவ்வகையிற் பாடியிருக்கிறார்கள். வரிக்கு வரி எண்கள் கூடுவதால், கட்டங்களில் எழுதினால் அப்பாட்டு தேரின் அடுக்குகளாக விரிகிறது. அதனால் இரதபந்தம் என்று படமாகவும் அச்சிடப்படுகிறது. ஆழ்வார் பாடிய குடந்தைச் சாரங்கபாணி கோயிலின் கருவறையே சக்கரமும் குதிரையும் யானையும் பூண்ட கல்தேராக இருப்பதும் அங்குச் செல்வோர் அறிந்தது. இதில் கவனிக்க வேண்டியது, தேர் முதலில் வரையப்பட்டுப் பாட்டு அதற்குள் ஊற்றப்படவில்லை என்பது. எண்ணின் ஏற்ற இறக்கம் பாட்டுக்குள் இருக்கிறது. தேரை அழித்துவிட்டு உரைநடைபோல் எழுதினாலும் காதால் கேட்பவருக்குத் தேர் ஏறி இறங்கும். 1929இல் மறைந்த பாம்பன் சுவாமிகள் வேலின் வடிவில் எழுத்துகள் அமையும்படி இயற்றிய சஸ்திரபந்தமும் இவ்வாறே. அடியார்கள் அதை வேலாகப் பார்த்ததோடு நிற்காமல் நாள்தோறும் பாராயணமும் செய்கிறார்கள்.

மென்பொருள் தரும் வசதி இந்த இடத்தில் வழுக்கி விழச் செய்கிறது. ஒரு பிள்ளையார் உருவத்தையோ ஓங்கார வடிவத்தையோ எடுத்து, அதன் உட்புறம் முழுவதையும் ஒரு கவசத்தின் அல்லது ஆயிரநாமத்தின் எழுத்துகளால் நிரப்புவது இன்று சில நிமிட வேலை. வடிவத்துக்குப் பொருந்துவதற்காக எழுத்து சிலவிடத்து ஊதிப் பெருக்கும், சிலவிடத்துக் கடுகாகச் சுருங்கும். தும்பிக்கையின் முனையில் பாட்டின் எந்த அடி வந்து விழுந்தது என்பதை யாரும் நோக்குவதில்லை. யூத மரபில் இதே குற்றத்தை 13ஆம் நூற்றாண்டிலேயே கண்டித்திருக்கிறார்கள். விவிலியத்தின் ஓரத்தில் எழுதப்படும் மசோரா என்னும் பாடக்குறிப்புகளைப் பறவையாகவும் விலங்காகவும் மரமாகவும் நுண்ணெழுத்தில் வரைவது அங்கு ஒரு கலையாக வளர்ந்திருந்தது. 1217இல் மறைந்த யூதா என்னும் ஜெர்மானியப் பெரியாருடைய பெயரோடு சேர்த்து வழங்கும் 'செஃபர் ஹசீதிம்' என்னும் ஒழுக்கநூல், எழுத்தரை அமர்த்துவோர் அவ்வாறு உருவம் வரையக்கூடாது என்று முன்கூட்டியே நிபந்தனை இடவேண்டும் என்று கூறி, வரைந்தால் பின் அதை எப்படிப் படிப்பது என்று கேட்கிறது. உருவ வழிபாட்டுக்கு எதிரான தடையாக அன்றி, படிக்க முடியாமை என்னும் காரணத்தால் அந்நூல் மறுத்தது என்பது குறிப்பிடத் தக்கது. அதே மரபு, 1520 முதல் 1523 வரை வெனிசில் டானியல் பாம்பர்க் அச்சிட்ட தால்முத் பதிப்பில், மூலத்தை நடுவில் நிறுத்தி உரைகளை அதன் இருபுறமும் சுற்றி ஓடவிட்டது. உரை மூலத்துக்கு இடம் விட்டது, இரண்டும் படிக்கும்படியும் இருந்தன.

சைவர்க்கு இதில் இன்னும் நுட்பமான பொறுப்பு உண்டு. 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் திருவருட்பயனில் ஐந்தெழுத்தை விளக்கும்போது, சிகரம் சிவத்தையும் வகரம் அருளையும் யகரம் உயிரையும் நகரம் மறைப்பாற்றலையும் மகரம் மலத்தையும் குறிப்பதாகக் கொள்கிறார். சிவாயநம என்று ஓதும்போது உயிர் நடுவில் நிற்கிறது. ஒருபுறம் அருளும் சிவமும், மறுபுறம் மறைப்பும் மலமும். இங்கே பொருள் எழுத்துகளில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு அவற்றின் நிற்குமிடத்திலும் இருக்கிறது. இலிங்க வடிவுக்குள் இவ்வைந்தெழுத்தை மீண்டும் மீண்டும் நிரப்பி, வரி முடிந்த இடத்தில் மென்பொருள் தன்போக்கில் முறித்தால், வரிதோறும் யகரமும் மகரமும் தலையில் வந்து நிற்கும். நடுவே படம் வைத்து இருபுறமும் எழுத்தை ஓடவிட்டால், அருளுக்கும் உயிருக்கும் நடுவே வேறொரு பொருள் குறுக்கிட்டு நிற்பதும் நேரலாம். இதை மிகையான கவலை என்று கூறுவோர் ஓலைச்சுவடியைச் சான்றுகாட்டலாம். ஏட்டில் எழுத்து எங்கும் முறியும், எங்கும் துளை குறுக்கிடும், எவரும் அதனால் மந்திரம் கெட்டதாகக் கருதவில்லை. அச்சான்று சரியே, ஒரு நிபந்தனையோடு. ஏட்டைப் படித்தவரின் வாயில் பாட்டு முன்பே இருந்தது. முறிவைத் தாண்டும் ஓட்டத்தை அவர் ஓலையிலிருந்து பெறவில்லை, ஆசிரியரிடம் கேட்டுப் பெற்றார்.

எல்லா எழுத்தும் படிக்கப்படவே எழுதப்பட்டதா என்னும் எதிர்வினாவும் நியாயமானது. திருமூலர் நான்காம் தந்திரத்தில் கூறும் திருவம்பலச் சக்கரத்தில் எழுத்துகள் அறைகளில் நிலைபெறுகின்றன. யந்திரத் தகட்டில் பொறித்த எழுத்து மூர்த்தியின் அடியில் புதைக்கப்படுகிறது. தாயத்துக்குள் சுருட்டிய தகட்டை அணிந்தவர் ஒருநாளும் படிப்பதில்லை. எழுத்தின் இருப்பே போதும் என்னும் நம்பிக்கை இவற்றில் உண்டு. ஆனால் இவற்றிலும் எந்த அறையில் எந்த எழுத்து என்பது விதிக்கப்பட்டிருக்கிறது. மாறினால் சக்கரம் தவறு. படிக்கப்படாத எழுத்துக்கும் வரிசை உண்டு. எழுத்தை இழைநயமாகவும் நிழலாகவும் மட்டும் பயன்படுத்தி, எந்த எழுத்து எங்கு நின்றாலும் ஒன்றே என்று ஆக்கும் வடிவமைப்புக்கு யந்திர மரபும் துணைக்கு வராது.

டப்ளின் போன்ற ஊரில் இதன் விளைவு உடனடியானது. சொல் தெரிந்தவருக்கு எழுத்தாலான முருகன் உருவம் ஓர் அழகிய விளையாட்டு. அவர் மனத்தில் பாட்டு இருக்கிறது, கண் உருவை மட்டும் பார்த்தாலும் இழப்பில்லை. தமிழெழுத்தைத் தட்டுத்தடுமாறிப் படிக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு அதே படத்தில் எழுத்து என்பதே இல்லை, கறுப்புக் கீற்றுகள் மட்டுமே உள்ளன. தன் பாட்டனார் ஓதிய நூல் தனக்கு ஒரு சித்திர வேலைப்பாடாக மட்டும் வந்து சேர்ந்தது என்பதை அப்பிள்ளை அறிவதற்கும் வழியில்லை. படத்துக்கு ஒதுங்கி ஓடும் வரியோ அப்பிள்ளைக்கு இரண்டையும் தருகிறது: நடுவே தெய்வம், சுற்றிலும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தக்க பாட்டு. தமிழில் ஒட்டுகள் சேர்ந்து நீளும் சொற்கள் மிகுதி என்பதால், படத்தின் இருமருங்கும் குறுகிய பத்தி அமைந்தால் வரிகளில் அகன்ற இடைவெளிகள் விழும், சொற்கள் பாதியில் ஒடியும். படத்தை ஓர் ஓரமாக வைத்து ஒரே பக்கத்தில் எழுத்தை ஓடவிடுவது இதைப் பெரும்பாலும் தவிர்க்கும் என்பது தொழில் அறிந்தவர்களின் பட்டறிவு.

ஆகவே இரு வழிகளையும் ஒரே தட்டில் வைக்க இயலாது. சொல் தன் வரிசையைக் காத்துக்கொண்டு பொருளுக்கு இடம் விடுவது, சொல்லுக்கும் கடவுளுக்கும் உரிய முறையான உறவு. சொல்லே உருவாக மாறுவது, அவ்வுரு பாட்டின் உள்ளிருந்தே பிறந்தபோது மட்டும் ஏற்கத் தக்கது. சம்பந்தருக்கும் ஆழ்வாருக்கும் பாம்பன் சுவாமிகளுக்கும் உரிய அவ்வுரிமை, ஏற்கெனவே இயற்றப்பட்ட துதியை எடுத்து வேற்று வடிவுக்குள் ஊற்றுவோர்க்கு இல்லை. கோயில் மலரும் துதித்தாளும் ஆக்கும் அன்பர்கள், பக்கத்தை அச்சுக்கு அனுப்புமுன், அதை ஒருமுறை வாய்விட்டுப் படிப்பார்களாக. படம் குறுக்கிட்ட இடத்தில் நா தடுக்கினால் படத்தை நகர்த்துக, பாட்டை வெட்ட வேண்டா.